இரண்டு பைகளுக்கு ஒரு டிக்கி

மார்ச் 3

டாக்டரம்மாவுக்கு,

போனில் பேச மாட்டேன், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள் என்றாய். எழுதினால் நான் குறுக்கே பேச முடியாதாம். சரி. எடை அளவு ஆய்வாளராக இருந்த காலமெல்லாம் அறிக்கை எழுதியே தேய்ந்த கை இது, இன்னும் கொஞ்சம் தேயட்டும். போனில் பேசினாலும் உன் தங்கை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அவளும் சகலையும் நம் சண்டையைத் தொடர் நாடகம் மாதிரி கேட்கிறார்கள்.

விஷயம் இதுதான். நம் கார் படுத்துவிட்டது. மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், ஊருக்குள்ள மெதுவா ஓட்டிக்கலாம். வெளியூர்னு எடுத்தீங்கன்னா கயிறு கட்டி இழுத்துட்டுதான் வரணும்" என்று கையைத் துடைத்துக்கொண்டான். ஆகவே புதுக் கார் பார்க்கிறேன். மற்றவர்கள் நிறமும் மைலேஜும் பார்க்கட்டும், நான் முதலில் திறப்பது டிக்கியைத்தான் என்பது உனக்குத் தெரியாதது இல்லை.

நேற்று ஒரு ஷோரூமுக்கு நம் இரண்டு கோல்ஃப் பைகளையும் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற விற்பனைப் பெண், "ஏர்போர்ட்டுக்குப் போற வழியிலயா சார்?" என்றாள். இல்லை, டிக்கியை அளக்க வந்தேன் என்றேன். கையேட்டில் இத்தனை லிட்டர் என்று போட்டிருந்தது. "இது தண்ணி ஊத்தி அளந்ததாம்மா, பெட்டி அடுக்கி அளந்ததா?" என்று கேட்டேன். அவள் மேனேஜரைக் கூப்பிடப் போய்விட்டாள். மேனேஜர் காபியோடு வந்தார். லிட்டர் கணக்கு பற்றி அவருக்கும் தெரியவில்லை, ஆனால் காபி நன்றாக இருந்தது.

என் பை போயிற்று. உன் பையை மேலே வைத்தால் கதவு மூடவில்லை. பின்சீட்டை மடித்தால் எல்லாம் போகும். ஆனால் பின்னால் ஆள் உட்கார முடியாது. இந்த மாதிரிக் குட்டைக் காரா, அல்லது டிக்கி நீளமாகத் தனியாக இருக்கும் காரா, உன் அபிப்பிராயம் என்ன என்று எழுது.

கிளப் விஷயம் பற்றிச் சண்டை போட எழுதவில்லை. ஆனால் பந்து நகர்ந்தது. என் கண்ணால் பார்த்தேன். என் பந்தாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். விதி என்றால் அதில் பெண்டாட்டிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று கிடையாது.

முன்னறையில் உன் சிகிச்சை நாற்காலிக்குத் துணி போட்டு மூடியிருக்கிறேன். நோயாளிகள் வந்து, "டாக்டர் எப்ப வருவாங்க?" என்று கேட்கிறார்கள். தங்கை வீட்டுக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க என்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்


மார்ச் 9

ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

அறிக்கை கிடைத்தது. காபி வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி தேடினேன், அது மட்டும் குதிரைக்கொம்பு. நன்றாக இருக்கிறேன்.

டிக்கி பற்றி என் அபிப்பிராயம்: எந்தக் காரை வேண்டுமானாலும் வாங்குங்கள். ஒரு பை போனால் போதும். உங்கள் பை எப்போதும் போய்விடும், அதற்கு ஒரு குறையும் வந்ததில்லை.

பழைய காரை நினைத்துப் பாருங்கள். வாசலில் டிக்கியைத் திறப்பீர்கள். முதலில் உங்கள் பை. அகலமாக, பக்கத்துக்கு இரண்டு ஜேப்போடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடுவில் படுக்கும். அதற்கு அப்புறம்தான் என் பை. அது நுழையாது. உடனே என் பையிலிருந்து நீள மட்டையை உருவி என் கையில் கொடுப்பீர்கள். பையைப் பின்சீட்டில் போட்டு பெல்ட் மாட்டுவீர்கள். நீள மட்டை இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே, அதன் மண்டை என் முழங்காலில். ஒவ்வொரு வளைவிலும் முழங்காலில் ஒரு தட்டு. இத்தனை வருஷமாகப் பேசாமல் உட்கார்ந்து வந்தேன். இதைச் சண்டையாக எழுதவில்லை, அபிப்பிராயம் கேட்டீர்கள், சொல்கிறேன்.

கிளப் விஷயத்துக்கு வருகிறேன், ஆரம்பித்தது நீங்கள்தான். அன்றைய போட்டியில் கடைசிக் குழி. புல்தரைக்குச் சற்று வெளியே நீளப் புல்லில் என் பந்து. மட்டையைப் பின்னால் ஊன்றினேன், பந்து அசைந்தது என்கிறீர்கள். அதற்கு ஓர் அடி அபராதம் உண்டுதான். ஆனால் நான் முகம் கழுவப் போன நேரத்தில் நீங்கள் நேராகச் செயலாளரிடம் போய்ச் சொன்னீர்கள். அடிக்கணக்கு அட்டையில் கையெழுத்துப் போட அவர் என்னைக் கூப்பிட்டபோது, அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. கோப்பை அந்த வங்கி மேனேஜரின் மனைவிக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை, அவள் நன்றாக ஆடுகிறாள். அந்த அறையில் நான் நின்ற நிலை இருக்கிறதே, அதுதான்.

இங்கே பக்கத்திலேயே ஒன்பது குழி மைதானம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் பெண்கள் ஒரு குழுவாக ஆடுகிறார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். என் பையைப் பார்சலில் அனுப்பி வையுங்கள்.

நோயாளிகளிடம் வருவேன் என்று சொல்லாதீர்கள். கடைவீதியில் இருக்கும் பல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். வலியை வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
டாக்டரம்மா


மார்ச் 15

டாக்டரம்மாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? (முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.)

பையை அனுப்புவதில் ஒரு சிக்கல். கார் இன்னும் முடிவாகவில்லை. உன் பை இல்லாமல் டிக்கியை அளக்க முடியாது. உத்தேசமாகப் பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்க நான் தயாரில்லை. அதுவும் போக, பார்சல் ஆபீசில் சாமான்களைத் தூக்கி எறிகிற அழகைப் பார்த்திருக்கிறேன். உன் மட்டைகளின் தண்டு மெல்லிசு. உடைந்து வந்தால் என்னைத்தான் சொல்வாய்.

இந்த வாரம் இரண்டு கார் பார்த்தேன். ஒன்று நீள டிக்கிக் கார். வெளியே பார்த்தால் உள்ளே கட்டில் போடலாம் போல இருக்கிறது. திறந்தால் வாய் சின்னது, உள்ளே இரண்டு பக்கமும் சக்கர மேடு புடைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று உயரக் கார். அது சகலையின் யோசனை. போன் பண்ணி, "அண்ணே, உசரமா வாங்குங்க, ரோட்டுல ஒரு மரியாதை இருக்கும்" என்றார். மரியாதை இருக்கிறது, டிக்கி இல்லை. மூன்றாவது வரிசை சீட் போட்டு இடத்தையெல்லாம் தின்றுவிட்டார்கள். நம் வீட்டில் மூன்று வரிசைக்கு ஆள் எங்கே? ஒரு வரிசைக்கே தட்டுப்பாடாக இருக்கிறது.

ஞாயிறு மைதானத்துக்குப் போனேன். தனியாகத்தான் ஆடினேன். நன்றாகவே ஆடினேன், நீ நம்ப மாட்டாய், ஐந்தாம் குழியில் தண்ணீரைத் தாண்டிவிட்டேன். திரும்பி, "பாத்தியா!" என்றேன். புல் வெட்டுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். முடிந்ததும் செயலாளரிடம் அட்டையை நீட்டினேன். "கூட ஆடினவங்க கையெழுத்து இல்லாம இத நான் பதிய முடியாது சார். விதி உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தார். தெரியாததா என்ன! அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முழங்கால் விஷயம் எனக்குத் தெரியாது. வலித்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்


மார்ச் 22

அன்புள்ள உங்களுக்கு,

ஐந்தாம் குழித் தண்ணீரைத் தாண்டியதற்கு வாழ்த்துகள். கிண்டல் இல்லை. அந்தத் தண்ணீரில் நீங்கள் போட்ட பந்துகளை அள்ளினால் ஒரு கடையே வைக்கலாம்.

முதலில் ஒரு செய்தி. தங்கை வீட்டுத் தெருக்கோடியில் ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்த டாக்டர் வேலையை விட்டுப் போகிறார், என்னை வரச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் முதல் வாரத்தில் சேருவதாக இருக்கிறேன். தங்கைக்கு ஒரே சந்தோஷம். உங்கள் சகலை முகத்தில் மட்டும் கொஞ்சம் கவலை, குளியலறையில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேனாம். மாடி அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் சப்பைக்கட்டுக்கு வருகிறேன். பை இல்லாமல் அளக்க முடியாதா? தண்ணீர் லிட்டருக்கும் பெட்டி லிட்டருக்கும் வித்தியாசம் கேட்கிற மனிதருக்கு, ஒரு பையின் நீள அகலத்தைத் தாளில் குறித்துக்கொண்டு போகத் தெரியாதா? தலையைச் சுற்றி மூக்கைத் தொடாதீர்கள். என் பையை அனுப்ப உங்களுக்கு மனசில்லை. மனசில்லை என்றால் அதைச் சொல்ல வேண்டும், பார்சல் ஆபீசைக் குறை சொல்லக் கூடாது.

ஒன்று ஞாபகமிருக்கிறதா? கோல்ஃபை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து குனிந்து என் கழுத்து இறுகிப்போனபோது, எலும்பு டாக்டர், "திறந்த வெளியில நடங்க, தோளைச் சுழற்றுங்க" என்றார். நான் தனியாகப் போய்க் கற்றுக்கொண்டேன். நீங்கள் என் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தீர்கள். "இது என்ன விளையாட்டு, பந்தைத் தொலைச்சுத் தேடுறதுக்குக் காசு கட்டுறாங்க" என்றீர்கள். நான் சிரித்துச் சிரித்து அடியைத் தவறவிட்டேன். பிறகு நீங்கள் மட்டை வாங்கினீர்கள். விதிப் புத்தகம் வாங்கினீர்கள். பெரிய பை வாங்கினீர்கள். எந்த நாளிலிருந்து உங்கள் பை முதலில் போக ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை.

கடைசியாக ஒன்று. இதைப் போனில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அதனால்தான் எழுதச் சொன்னேன்.

நீங்கள் ஒரு கடைக்குள் நுழைந்தால், தராசைத் தொடுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் கேட்பீர்களே, "நீங்களே சொல்லிடுங்க, எல்லாம் சரியா இருக்கா?" என்று. கேட்டுவிட்டு, வாசலைப் பார்த்துத் திரும்பி நிற்பீர்களாம். பாதிப் பேர் தாங்களே சொல்லிவிடுவார்கள் என்று என்னிடம் எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள்! தானாகச் சொன்னவனை நீங்கள் ஒருநாளும் ஆள் முன்னால் அவமானப்படுத்தியதில்லை.

பந்து நகர்ந்தது. எனக்கும் தெரியும். மட்டை நுனியில் உணர்ந்தேன், ஆனால் நிச்சயமில்லை. புல்லா, பந்தா என்று யோசித்துக்கொண்டேதான் முகம் கழுவப் போனேன். வெளியே வந்து உங்களிடம் கேட்டுவிட்டு, நானே போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். எடையில் ஏமாற்றுகிற கடைக்காரருக்குக் கொடுக்கும் அந்த ஒரு நிமிஷத்தை நீங்கள் எனக்குக் கொடுக்கவில்லை. அபராதம் எனக்குப் பெரிதில்லை. நான் சொல்ல மாட்டேன் என்று நினைத்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பையை அனுப்புங்கள். இல்லாவிட்டால் இங்கே புதிதாக வாங்கிக்கொள்கிறேன்.

டாக்டரம்மா


மார்ச் 30

அன்புள்ள உனக்கு,

உன் பை இன்று பார்சலில் புறப்பட்டுவிட்டது. நாளை மறுநாள் வரும். நீள மட்டையின் மண்டைக்கு என் பழைய கம்பளி உறையை மாட்டி, மட்டைகளுக்கு நடுவே துண்டு சுருட்டி வைத்திருக்கிறேன். பிரித்ததும் தண்டுகளைச் சரிபார்.

நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அறிக்கை எழுதியவனுக்கு இப்படி ஆனதில்லை.

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று காலை, அனுப்புவதை அனுப்பிவிடலாம் என்று உன் பையை எடுத்துவந்து டிக்கியில் படுக்க வைத்தேன். தனியாகப் போகிற பை, நீள மட்டையை உருவ வேண்டிய அவசியமில்லை. குறுக்காக வைத்தேன். இடது விளக்குக்குப் பின்னால், கீழே ஒரு பள்ளம் இருக்கிறது, ஜாக்கி வைக்கிற இடம். மட்டையின் மண்டை அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சரி என்று மூடிவிட்டேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது, பார்சல் ஆபீசிலிருந்து நேராக ஷோரூமுக்குப் போவதாக இருந்தேன், என் பையும் வேண்டும். பின்சீட்டில் போட எடுத்துவந்தேன். ஏதோ தோன்றியது. டிக்கியைத் திறந்து உன் பையின் மேலேயே அகலவாக்கில் கிடத்தினேன்.

போயிற்று.

உன் பை ஒல்லி. அது அடியில் படுத்தால், என் பை சக்கர மேட்டுக்கு மேலே வந்துவிடுகிறது. மேட்டுக்கு மேலே டிக்கி முழு அகலம். ஒரு மட்டையையும் உருவ வேண்டியதில்லை. கதவை இறக்கினேன். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. நம்பாமல் திறந்து மறுபடி மூடினேன். மறுபடியும் பூட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "பூட்டு ரிப்பேரா சார்?" என்றார். இல்லை, பூட்டு சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

இதே கார். இதே இரண்டு பைகள். அளவெடுப்பதைத் தொழிலாக வைத்திருந்தவன், உன் பையை முதலில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒருநாள்கூட எண்ணியதில்லை. ஊரில் உள்ள டிக்கிகளையெல்லாம் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் முழங்கால் ஒவ்வொரு வளைவிலும் வாங்கிய தட்டுக்குத் தேவையே இருந்ததில்லை.

பார்சல் ஆபீஸ் வாசலில் கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். சுமைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, "இறக்கட்டுமா சார், இல்ல திரும்பிப் போறீங்களா?" என்றார். திரும்பிப் போகத்தான் ஆசை. ஆனால் நீ கேட்டது உன் பையை. இறக்கச் சொன்னேன். உள்ளே சீட்டு எழுதுகிறவர், "உடையிற சாமான்னு போடணுமா?" என்றார். பெரிதாகப் போடுங்கள் என்றேன்.

கடைக்காரர்கள் விஷயத்தில் நீ எழுதியது சரி. அந்த ஒரு நிமிஷம் உனக்குக் கொடுத்திருக்க வேண்டும். நீ சொல்ல மாட்டாய் என்று நான் நினைக்கவில்லை. உண்மையில் உன்னை நினைக்கவே இல்லை. பந்து, புல், விதி என்று மட்டும்தான் மூளையில் ஓடியது. இது அதைவிட மோசமா, பரவாயில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு.

புது வேலை நன்றாக அமையட்டும். அங்கே நாற்காலியின் உயரத்தைச் சரிபண்ணிக்கொள், கழுத்து ஜாக்கிரதை. ஷோரூமுக்குப் போகவில்லை. ஒரு பைக்கு எந்தக் காரும் போதும் என்றாயே. அதனால் கார் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

உன் வீட்டுக்காரர்


ஏப்ரல் 6

அன்புள்ள உங்களுக்கு,

பை வந்தது. ஒரு தண்டும் உடையவில்லை. 'உடையும் பொருள்' என்று நான்கு பக்கமும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். உங்கள் சகலை அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, உள்ள அண்ணனையே மடிச்சு அனுப்பிட்டாரா?" என்றார்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இத்தனை வருஷமும் இடம் இருந்ததா! இரண்டாம் முறை அழுதேன். மூன்றாம் முறை, நீங்கள் டிக்கியை மூடி மூடித் திறந்ததையும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததையும் நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை மாடிக்கு ஓடி வந்து, "என்னக்கா, என்ன ஆச்சு?" என்றாள். டிக்கியில இடம் இருந்திருக்குடி என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

என்னை நினைக்கவே இல்லை என்று எழுதினீர்களே, அது மோசம்தான். ஆனால் பூசி மெழுகாமல் சொன்னீர்கள். வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதனால் ஆள் முன்னால் அவமானப்படுத்தப் போவதில்லை. தங்கைக்கும் உங்கள் சகலைக்கும் கடிதத்தைக் காட்டவில்லை.

மருத்துவமனையில் பேசினேன். வாரத்தில் மூன்று நாள் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, விட மாட்டேன். மீதி நாளைக்கு என்ன என்பதை நேரில்தான் பேச வேண்டும். முன்னறை நாற்காலியின் துணியை எடுத்துவிடுங்கள், மூடியே வைத்தால் தோல் வெடித்துவிடும். நோயாளிகளிடம் மட்டும் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள்.

நேற்று தங்கையோடு கடைத்தெருவுக்குப் போனபோது ஒரு கார் ஷோரூம் கண்ணில் பட்டது. வீட்டுக்குப் போய் என் பையை எடுத்துவந்தேன். அங்கிருந்த பையன் ஏதேதோ லிட்டர் கணக்குச் சொன்னான், தண்ணியா பெட்டியா என்று கேட்டேன். அவனும் மேனேஜரைத் தேடிப் போனான். சாம்பல் நிறக் கார், ரொம்பப் பெரியது இல்லை. என் பையை அடியில் குறுக்காக வைத்தேன். ஒரு மட்டையையும் உருவாமல் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே இடம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் உத்தேசமாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு பை இல்லாமல் அளக்க முடியவில்லை. சனிக்கிழமை உங்கள் பையை எடுத்துக்கொண்டு வாருங்கள். பழைய காரில் கிளம்பாதீர்கள், ரயிலில் வாருங்கள்.

டாக்டரம்மா